இ.எல். சரண்டர் போடலாமா, அம்மாவின் ஆபரேஷனுக்காக விடுப்பு நாட்களைச் சேர்த்து வைக்கலாமா? (அரசு ஊழியர் குழுவில் 2025 இறுதியில் எழுதிய பதிவுகள்)

ஆரணிப்பெண்:

எல்லோருக்கும் வணக்கம். தமிழக அரசின் வருவாய்த் துறையில் இளநிலை உதவியாளராக இருக்கிறேன், குரூப் 4 மூலம் 2019 நவம்பரில் சேர்ந்தேன். நான் சேர்ந்து ஆறு மாதம்கூட ஆகவில்லை, 2020 ஏப்ரல் கடைசியில் கொரோனாவைச் சொல்லி ஈட்டிய விடுப்பு (இ.எல்.) சரண்டரை, அதாவது விடுப்பு நாட்களைத் திருப்பிக் கொடுத்துப் பணமாக வாங்குவதை, நிறுத்திவிட்டார்கள். அதனால் சரண்டர் என்ற வார்த்தையைச் சீனியர்கள் பேசிக் கேட்டிருக்கிறேனே தவிர, ஒரு தடவைகூட வாங்கியதில்லை. 2025 ஏப்ரலில் சட்டமன்றத்தில் 110 விதியின் கீழ் அறிவித்து, அதே ஆண்டு அக்டோபர் 1-ஆம் தேதியிலிருந்து திரும்ப வந்துவிட்டது, 15 நாள் வரை போடலாம் என்பது எல்லோருக்கும் தெரிந்ததுதான். பணியில் சேர்ந்த மாதத்தை வைத்து யார் எப்போது போடலாம் என்று பிரித்ததில் என் முறையும் வந்துவிட்டது. அலுவலகத்தில் பக்கத்து சீட்டில் இருப்பவர்கள் எல்லாம் போட்டாகிவிட்டது, நான் மட்டும் விண்ணப்பத்தை எழுதி மேசை டிராயரில் வைத்திருக்கிறேன்.

காரணம் அம்மா. அப்பா இல்லை. ஊரில் தனியாகத்தான் இருக்கிறார். வலது முழங்கால் தேய்ந்துபோய், மாற்று அறுவை சிகிச்சை செய்தே ஆக வேண்டும் என்று சொல்லிவிட்டார்கள். பிப்ரவரியில் செய்யலாம் என்கிறார் டாக்டர். அதன் பிறகு ஆறு வாரமாவது கூட ஒரு ஆள் வேண்டும், பாத்ரூம் போவதற்கும் பயிற்சி செய்ய வைப்பதற்கும். அண்ணன் வெளிநாட்டில். அண்ணி வரமுடியாத நிலை. ஆக நான்தான். 45 நாள் விடுப்பு வேண்டும் என்று கணக்குப் போட்டு வைத்திருக்கிறேன்.

இன்னொரு பக்கம் பணம். மகப்பேறு விடுப்பு முடிந்த பிறகு குழந்தைக்கு உடம்பு சரியில்லாமல் போனபோது கூட்டுறவுச் சங்கத்தில் வைத்த நகை இன்னும் அங்கேயே இருக்கிறது. அசல் 45,000. வட்டியை மட்டும் கட்டி மாற்றி வைத்துக்கொண்டே வருகிறோம். சரண்டர் பணம் வந்தால் ஒரு பகுதியாவது அடைக்கலாம். வரும் ஜூனில் பாப்பாவை எல்.கே.ஜி. சேர்க்க வேண்டும், அதுவும் இருக்கிறது.

சிக்கல் என்னவென்றால் அரசு ஊழியர்களுக்கான களஞ்சியம் ஆப்பில் என் இ.எல். இருப்பு 38 நாள் என்று காட்டுகிறது. ஜனவரி 1-ஆம் தேதி 15 வரவாகும், 53. அதில் 15 சரண்டர் போட்டால் திரும்ப 38-க்கு வந்துவிடும், 45-க்கு 7 நாள் குறைகிறது. அந்த 7 நாளுக்கு சி.எல். (தற்செயல் விடுப்பு) சேர்த்துப் போட முடியுமா? மெடிக்கல் லீவு போட்டால் தப்பா? ஒரு அக்கா "சரண்டர் போட்டால் ரிட்டயர்மென்ட் சமயத்தில் நஷ்டம், தொடவே தொடாதே" என்கிறார். இன்னொருவர் "மறுபடி எப்போது நிறுத்துவார்களோ, வாங்கிவிடு" என்கிறார். இரண்டு பேருமே எனக்கு நல்லது நினைப்பவர்கள், அதனால்தான் குழப்பம்.

இன்னொன்று. நான் டைரியில் எழுதி வைத்திருக்கும் கணக்குப்படி என் இருப்பு 71 வர வேண்டும். நான்தான் தப்பாகக் கூட்டுகிறேன் என்று நினைத்து விட்டுவிட்டேன். இதையும் சொல்லிவிடுகிறேன்.

திண்டிவனம்_77:

வாங்கிவிடுங்கள் மேடம். கையில் வரும் பணம்தான் பணம். ஐந்தரை வருடம் இல்லாமல் இருந்தது மறந்துவிட்டதா. அம்மா ஆபரேஷனுக்கு நாள் போதவில்லை என்றால் அந்த 7 நாளுக்கு ஒரு மெடிக்கல் சர்டிபிகேட் போட்டுக்கொள்ளலாம், எல்லோரும் செய்வதுதான்.

ஓய்வுபெற்ற_கண்காணிப்பாளர்:

மேலே உள்ள தம்பி சொன்ன கடைசி வரியை முதலில் மறுக்கிறேன், மன்னிக்கவும். மருத்துவச் சான்றின் பேரில் எடுக்கும் ஈட்டா விடுப்பு ஊழியரின் சொந்த உடல்நலக் குறைவுக்கு மட்டும்தான். அம்மாவுக்குப் பக்கத்தில் இருந்துகொண்டு தனக்குக் காய்ச்சல் என்று சான்று கொடுப்பது பொய்ச் சான்று. மருத்துவக் குழுவுக்கு அனுப்பினால் என்ன செய்வார்? ஆறு வருட சர்வீஸில் இருக்கும் பெண்ணுக்கு 17(பி), அதாவது கடும் தண்டனைக்கான குற்றக் குறிப்பாணை, வாங்கிக் கொடுக்கும் யோசனை அது. வேண்டாம்.

சி.எல்.-ம் ஆகாது அம்மா. தற்செயல் விடுப்பை ஈட்டிய விடுப்போடு முன்னாலோ பின்னாலோ ஒட்டிப் போட முடியாது. அரசு விடுமுறை நாட்களை முன்னும் பின்னும் அனுமதி பெற்று இணைத்துக்கொள்ளலாம், அதை மட்டும் கவனமாகப் பார்த்துத் தேதி போடுங்கள். வெள்ளிக்கிழமை முடித்தால் சனி, ஞாயிறு உங்களுக்கு, திங்கள்கிழமை முடித்தால் அந்த இரண்டு நாளும் இ.எல்.-இல் போய்விடும்.

இப்போது நான் முக்கியமாகச் சொல்ல வந்தது. நீங்கள் கடைசியில் போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்களே, டைரியில் 71, ஆப்பில் 38 என்று, அதுதான் உங்கள் கேள்வி. மற்றதெல்லாம் அதற்குப் பிறகு. நான் 34 வருடம் வேலை பார்த்ததில் பாதிக்கு மேல் ஊழியர்களின் பணி, விடுப்புப் பதிவுகளைப் பார்க்கும் எஸ்டாப்ளிஷ்மென்ட் பிரிவில். சொந்தமாக டைரி எழுதும் ஊழியரின் கணக்கு தப்பாக இருந்து நான் பார்த்தது அபூர்வம். தப்பு பெரும்பாலும் எங்கள் பக்கம்தான் இருக்கும், அதாவது பதிவேட்டை எழுதும் பக்கம். ஒருவர் மாறுதலில் வருவார், பழைய அலுவலகத்தில் கடைசி அரையாண்டு வரவை எஸ்.ஆர்.-இல் (பணிப்பதிவேட்டில்) எழுதாமலே அனுப்பியிருப்பார்கள், புது அலுவலகத்தில் அந்தப் பக்கத்தில் கடைசியாக இருந்த எண்ணை எடுத்து ஆப்பில் ஆரம்ப இருப்பாக ஏற்றிவிடுவார்கள். அதன் பிறகு அந்த எண்ணே உண்மையாகிவிடும். நீங்கள் இடையில் மாறுதலில் போனீர்களா? போயிருந்தால் அந்த இடத்தைப் பாருங்கள்.

என்ன செய்ய வேண்டும் என்றால், ஒரு வெள்ளைத்தாளில் நான்கு கட்டம் போடுங்கள். அரையாண்டு, வரவு, எடுத்த நாள், இருப்பு. தகுதிகாண் பருவத்தில் வரவு குறைவாகத்தான் இருக்கும், அதை முழு வரவாக எழுதிவிடாதீர்கள். தகுதிகாண் பருவம் முடித்த பிறகு ஜனவரி 1-க்கு 15, ஜூலை 1-க்கு 15. ஊதியமில்லா விடுப்பு எடுத்திருந்தால் அதற்கேற்ப அடுத்த வரவு குறையும். விடுப்பு எடுத்ததற்கு ஒப்பளிப்பு ஆணை எண், தேதி எழுதுங்கள். அப்புறம் எஸ்.ஆர்.-ஐக் கேட்டு வாங்கி வரிக்கு வரி ஒப்பிடுங்கள். வருடத்துக்கு ஒரு முறை எஸ்.ஆர்.-ஐப் பார்த்துக் கையெழுத்துப் போடுவது ஊழியருக்கு உள்ள உரிமை, கேட்கக் கூச்சப்படாதீர்கள். வேறுபாடு இருந்தால் வாயால் சொல்லாமல் ஒரு மனுவாக எழுதி, அந்தத் தாளை இணைத்து, தபாலில் கொடுத்துப் பதிவு எண் வாங்கிக்கொள்ளுங்கள்.

உங்கள் கணக்கு சரியாக இருந்தால் 71, ஜனவரியில் 86, சரண்டர் போக 71. அம்மாவுக்கு 45 எடுத்தாலும் 26 மிச்சம். சரண்டரா அம்மாவா என்ற கேள்வியே இல்லை.

"சரண்டர் போட்டால் ரிட்டயர்மென்ட்டில் நஷ்டம்" என்று சொன்ன அக்காவுக்கும் ஒரு வார்த்தை. ஓய்வின்போது அதிகபட்சம் 240 நாளைத்தான் காசாக்க முடியும். வருடத்துக்கு 30 நாள் வரவு. எதையும் தொடாமல் வைத்திருந்தால் 8 வருடத்தில் 240 நிரம்பிவிடும். நீங்கள் 60 வயது வரை இருந்தால் இன்னும் எத்தனை வருடம்? அதற்குப் பிறகு வருகிற நாள் எல்லாம் எங்கே போகும்? எங்கேயும் போகாது, இல்லாமல் போகும். வருடா வருடம் 15 நாள் சரண்டர் போட்டுவிட்டு மீதி 15-ஐ மட்டும் சேர்த்தாலும் 16 வருடத்தில் 240 வந்துவிடும். ஆகையால் இளவயதில் சரண்டர் போடுகிறவர் ஓய்வில் எதையும் இழப்பதில்லை. ஓய்வுக்கு ஐந்தாறு வருடம் இருக்கும்போது இருப்பு குறைவாக இருப்பவர்தான் யோசிக்க வேண்டும்.

என் கதையைச் சொல்கிறேன். எனக்கு 2017-லேயே 240 நிரம்பிவிட்டது. அதுவரை வருடா வருடம் சரண்டர் போட்டேன், நிரம்பிய பிறகும் போட்டேன், அதனால் வீணாகவில்லை. 2020 ஏப்ரல் 27-இல் நிறுத்தினார்கள். அப்போதே நான் விடுப்பாக எடுத்திருக்க வேண்டும். "அடுத்த வருடம் திறந்துவிடுவார்கள்" என்று காத்திருந்தேன். ஒரு வருடம் என்றார்கள், நீட்டித்தார்கள், மறுபடி நீட்டித்தார்கள், நான் 2024-இல் வெளியே வந்துவிட்டேன். அந்த நான்கு வருடத்தில் எனக்கு நூறு நாளுக்கு மேல் கணக்கில் நிற்காமலே போனது. அந்தச் சமயத்தில்தான் என் மனைவிக்கு டயாலிசிஸ் நடந்துகொண்டிருந்தது. வாரம் இரண்டு நாள் என் மகள் கல்லூரிக்குப் போகாமல் கூடப் போனாள், நான் அலுவலகத்தில் கோப்பு பார்த்துக்கொண்டிருந்தேன். காசாகவும் வராத, நாளாகவும் நிற்காத விடுப்பு அது. மனைவி இப்போது இல்லை. உங்கள் அம்மாவுக்கு 45 நாள் வேண்டும் என்றால் 60 நாளாக எழுதிக் கேளுங்கள்.

கருவூலக்கணக்கு:

சார் எழுதியதைப் படித்துவிட்டு ஐந்து நிமிடம் எதுவும் எழுதத் தோன்றவில்லை.

பணக் கணக்கை மட்டும் நான் போட்டுத் தருகிறேன். மேடம் 2019-இல் 19,500-இல் சேர்ந்து ஆறு இன்கிரிமென்ட் வாங்கியிருந்தால் இப்போது அடிப்படை ஊதியம் 23,300 இருக்க வேண்டும். 2025 ஜூலை முதல் அகவிலைப்படி 58 சதவீதம், அது 13,514. இரண்டும் சேர்ந்து 36,814. 15 நாளுக்குப் பாதி, 18,407. மற்றப் படிகள் தனி, அதை விட்டுவிடுவோம்.

வருமான வரி பற்றிப் பயம் வேண்டாம். பணியில் இருக்கும்போது வாங்கும் சரண்டர் தொகை முழுக்க வரிக்குரிய வருமானம்தான். ஆனால் புதிய வரிமுறையில் 12 லட்சம் வரை வரி கட்ட வேண்டியதில்லை என்பதால் உங்கள் சம்பளத்துக்கு அது ஒன்றும் செய்யாது. ஓய்வின்போது வாங்கும் விடுப்புப் பணத்துக்கு அரசு ஊழியருக்கு வரியே கிடையாது. பெரிய சம்பளக்காரர்கள் இதையும் பார்த்து முடிவு செய்ய வேண்டும்.

ஒருவேளை உங்கள் டைரிதான் தப்பு, 38-தான் சரி என்றே வைத்துக்கொள்வோம். அப்போதும் வழி இருக்கிறது. சொந்தக் காரணங்களுக்கான ஈட்டா விடுப்பு என்று ஒன்று இருப்பதைப் பலர் மறந்தே போய்விட்டார்கள். மொத்தப் பணிக்காலத்துக்கும் 180 நாள், அரைச் சம்பளம். குறைகிற 7 நாளுக்கு அதை எடுத்தால் உங்களுக்கு இழப்பு ஏறக்குறைய 4,300 ரூபாய். சரண்டரில் வருவது 18,407. ஆக அப்போதும் சரண்டர் போடுவதில் நஷ்டமில்லை. ஆனால் ஊதியமில்லா விடுப்பு பக்கம் மட்டும் போகவே போகாதீர்கள், அது இன்கிரிமென்ட் வரைக்கும் கை வைக்கும்.

நகைக்கு ஒரு யோசனை. தீபாவளிக்கு பண்டிகை முன்பணம் வாங்கினீர்களா? வாங்கவில்லை என்றால் பொங்கலுக்குப் போடுங்கள். 10,000 ஆக இருந்ததை 20,000 ஆக்கியிருக்கிறார்கள், வட்டி இல்லை, மாதம் 2,000 வீதம் 10 மாதத்தில் பிடித்துக்கொள்வார்கள். களஞ்சியத்திலேயே விண்ணப்பிக்கலாம். இதையும் சரண்டரையும் சேர்த்தால் 38,000-க்கு மேல் வந்துவிடும், 45,000-இல் பெரும்பகுதி அடைந்துவிடும். நகை வட்டி வருடத்துக்கு 10 சதவீதம் என்றே வைத்தாலும் 38,000-க்கு 3,800 ரூபாய் மிச்சம். பாப்பாவின் ஸ்கூல் புத்தகத்துக்கு ஆகும். ஆனால் ஒன்று, மாதம் 2,000 பிடித்தால் வீட்டுச் செலவு தாங்குமா என்று வீட்டுக்காரரோடு உட்கார்ந்து பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள். அம்மா ஆபரேஷன் மாதத்தில் கையில் ரொக்கமும் கொஞ்சம் வேண்டும். எல்லாவற்றையும் நகையிலேயே போட்டுவிட வேண்டாம்.

நீங்கள் 2003 ஏப்ரல் 1-க்குப் பிறகு வந்தவர், சிபிஎஸ் (பங்களிப்பு ஓய்வூதியத் திட்டம்). நம் சம்பளத்தில் மாதம் 10 சதவீதம் போகிறது, 2025 நிலவரப்படி பணிக்கொடையும் இல்லை. அதனால் சிபிஎஸ்-இல் இருப்பவருக்கு ஓய்வு நாளில் கிடைக்கும் அந்த 240 நாள் பணம் சின்ன விஷயம் இல்லை என்பது உண்மைதான். அந்த அக்கா பயந்து சொன்னதற்கு அதுதான் காரணமாக இருக்கும். ஆனால் சார் சொன்ன கணக்கே இங்கேயும் பொருந்தும், உங்களுக்கு அதற்கு இன்னும் இரண்டு பத்தாண்டுக்கு மேல் இருக்கிறது.

ஆரணிப்பெண்:

எல்லோருக்கும் நன்றி. சார், உங்கள் பதிவைக் கணவருக்கும் படித்துக் காட்டினேன். அவர் ஒன்றும் சொல்லாமல் எழுந்து போய், உடனே அம்மாவுக்கு போன் போட்டார்.

ஆமாம், 2022 கடைசியில் மாறுதலில் வந்தேன். முந்தைய அலுவலகத்திலிருந்து எஸ்.ஆர். வந்து சேரவே நான்கு மாதம் ஆனது. நாளைக்குக் கேட்கிறேன். பண்டிகை முன்பணம் இந்த வருடம் வாங்கவில்லை, அது 20,000 ஆனதே எனக்குத் தெரியாது!

அம்மாவின் மருத்துவச் செலவுக்கு நம்முடைய காப்பீட்டுத் திட்டத்தில் வழி உண்டா? மாதம் 300 ரூபாய் பிடிக்கிறார்களே.

கருவூலக்கணக்கு:

இல்லை மேடம். அதில் கணவர், பிள்ளைகள்தான். திருமணமாகாத ஊழியருக்குத்தான் பெற்றோர் சேருவார்கள். அம்மா தனி ரேஷன் கார்டில் இருந்து, ஆண்டு வருமானம் 1,20,000-க்குள் இருந்தால் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் வருவார். வருமானச் சான்று வழங்குவது உங்கள் துறைதான், ஆனாலும் அம்மா பேரிலேயே முறையாக இ-சேவையில் விண்ணப்பியுங்கள். அரசு மருத்துவமனையில் முழங்கால் மாற்று சிகிச்சையை இந்தத் திட்டத்திலேயே செய்கிறார்கள். கார்டு இப்போதே கையில் இருக்கட்டும், அட்மிஷன் அன்று ஓடக்கூடாது.

வகுப்பறை:

நான் பட்டதாரி ஆசிரியை. எங்களுக்குக் கோடை விடுமுறை இருப்பதால் இ.எல். வருடத்துக்கு 17 நாள்தான், அதனால் எங்கள் ஸ்டாஃப் ரூமில் இந்தப் பேச்சே வேறு மாதிரி இருக்கும். 15 போட்டால் மிச்சம் 2. எங்களில் நிறையப் பேர் அதையும் போட்டுவிட்டார்கள், பணத் தேவை அப்படி. நான் போடவில்லை. மாமியாருக்குப் பக்கவாதம் வந்த வருடம் என்னிடம் 9 நாள்தான் இருந்தது, அப்போது பட்டது போதும்.

கேட்டவருக்கு நேரடியாக ஒரு விஷயம். நானும் களஞ்சியத்தையும் எஸ்.ஆர்.-ஐயும் ஒப்பிட்டுப் பார்த்தேன், எனக்கு 11 நாள் வித்தியாசம். எழுத்தர் நல்ல மனிதர், ஒரே வாரத்தில் சரி செய்து கொடுத்தார். கேட்டால் கோபப்படுவார்களோ என்று ஒரு வருடம் தள்ளிப்போட்டது நான்தான்.

தேர்தல்_பிரிவு:

நானும் வருவாய்த் துறைதான், தங்கச்சி. மேலே யாரும் சொல்லாத ஒன்றைச் சொல்கிறேன், நாளைப் பற்றியே பேசிக்கொண்டிருக்கிறோம், ஆனால் நாள் கணக்கில் இருப்பதும் விடுப்பு கிடைப்பதும் ஒன்றல்ல. விதியிலேயே விடுப்பை உரிமையாகக் கோர முடியாது என்றுதான் இருக்கிறது. நீ கேட்பது 2026 பிப்ரவரி. இப்போது வாக்காளர் பட்டியல் சிறப்புத் தீவிரத் திருத்தம் ஓடிக்கொண்டிருக்கிறது, இறுதிப் பட்டியல் வருவதும் பிப்ரவரியில்தான். அதை ஒட்டியே சட்டமன்றத் தேர்தல். நம் அலுவலகங்களில் இரவு ஒன்பது மணிக்கு விளக்கு அணைவதில்லை. இந்த நிலையில் ஜனவரி கடைசியில் போய் 45 நாள் கேட்டால் தாசில்தார் உன் முகத்தைப் பார்த்து வருத்தப்படுவார், ஆனால் கையெழுத்துப் போடமாட்டார்.

இப்போதே எழுதிக் கொடு. டாக்டரிடம் போய், இன்ன தேதியில் அறுவை சிகிச்சை, இத்தனை வாரம் துணை தேவை என்று ஒரு கடிதம் வாங்கு. அதை இணைத்து விண்ணப்பம் கொடு. உன் சீட்டை யார் பார்ப்பார்கள் என்பதையும் நீயே யோசித்து, அந்த ஆளிடம் பேசிவிட்டுப் போ. நான் 2021-இல் அப்படித்தான் செய்தேன். என் அப்பாவுக்கு இடுப்பு எலும்பு உடைந்தது மார்ச் மாதம், தேர்தல் அறிவிப்பு வந்துவிட்ட நேரம். 12 நாள்தான் கிடைத்தது, மீதிக்குச் சித்தி வந்து இருந்தார். அந்த 12 நாளும் கிடைத்ததற்குக் காரணம் என் சீட்டை எடுத்துக்கொள்கிறேன் என்று எழுதிக் கையெழுத்துப் போட்ட சக ஊழியர் ஒருத்திதான். அடுத்த வருடம் அவள் பிரசவத்துக்குப் போனபோது நான் அவள் சீட்டையும் சேர்த்துப் பார்த்தேன்.

டாக்டரிடம் இன்னொன்றும் கேள். இவ்வளவு நாள் பொறுத்த கால், ஜூனுக்குத் தள்ளினால் பாதகமா, இல்லை ஜனவரி முதல் வாரத்துக்கே கொண்டு வரலாமா என்று. தேர்தல் முடிந்த பிறகு என்றால் உனக்குக் கேட்ட நாள் கிடைக்கும், பாப்பாவின் ஸ்கூல் திறப்பு மட்டும் இடிக்கும். வலியில் இருப்பவர் அம்மா, அதனால் அவரையும் கேட்டுவிட்டு முடிவு செய்.

அப்புறம் கேள்விக்குச் சம்பந்தமில்லாத ஒன்று. 2025 மே மாதம் அரசு 7 வங்கிகளோடு போட்ட ஒப்பந்தம் ஞாபகம் இருக்கிறதா? அந்தத் திட்டத்தில் உன் சம்பளக் கணக்கு இருந்தால் விபத்தில் உயிரிழப்புக்கு 1 கோடி, இயற்கை மரணத்துக்கு 10 லட்சம் காப்பீடு, நாம் பிரீமியம் எதுவும் கட்ட வேண்டாம். உன் கணக்கு சாதாரண சேமிப்புக் கணக்காகவே கிடக்கிறதா, சம்பளக் கணக்காக மாற்றியிருக்கிறார்களா என்று வங்கியில் ஒரு வார்த்தை கேள். சின்னக் குழந்தை வைத்திருக்கிறாய், அதற்காகச் சொல்கிறேன்.

திண்டிவனம்_77:

மெடிக்கல் சர்டிபிகேட் பற்றி நான் எழுதியது தவறு, திரும்பப் பெற்றுக்கொள்கிறேன். சார் சொன்னதைப் படித்த பிறகு என் எஸ்.ஆர்.-ஐயும் கேட்டிருக்கிறேன். ஒரு சந்தேகம், எஸ்.ஆர்.-ஐக் காட்டவே மறுத்தால் என்ன செய்வது?

ஓய்வுபெற்ற_கண்காணிப்பாளர்:

மறுக்க மாட்டார்கள் தம்பி, பெரும்பாலும் "அப்புறம் வாங்க" என்பார்கள். இரண்டு முறைக்கு மேல் அப்படிச் சொன்னால் எழுத்தில் கேளுங்கள். அதற்கும் நகரவில்லை என்றால் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் உங்கள் சொந்தப் பணிப்பதிவேட்டின் நகலைக் கேட்கலாம். ஆனால் அது கடைசி வழி. கூடவே வேலை பார்ப்பவர், மரியாதையாகக் கேட்டால் செய்துவிடுவார். நகல் எஸ்.ஆர். ஒன்று சொந்தமாக வைத்துக்கொண்டு வருடா வருடம் பதிவு செய்து வாங்குங்கள். மாறுதல் வந்தால், விடுவிப்பு ஆணை வாங்கும் நாளிலேயே விடுப்புக் கணக்குப் பக்கம் முடித்து எழுதப்பட்டிருக்கிறதா என்று உங்கள் கண்ணால் பார்த்துவிட்டுக் கிளம்புங்கள்.

ஆரணிப்பெண்:

பத்து நாள் கழித்து எழுதுகிறேன். எஸ்.ஆர். பார்த்தேன். சார் சொன்ன இடத்திலேயேதான்! மாறுதலான சமயத்தில் இரண்டு அரையாண்டு வரவு எழுதவே இல்லை, அது 30 நாள். அப்புறம் 2024 ஆகஸ்டில் நான் எடுத்த 3 நாள் இரண்டு தடவை கழிக்கப்பட்டிருக்கிறது, ஒன்று ஆணைப்படி, இன்னொன்று ஆப் வழியாக விண்ணப்பித்தபடி. ஆக 33. 38-ஐயும் 33-ஐயும் கூட்டிப் பார்த்தேன், 71. டைரியை எடுத்து வந்து எழுத்தரிடம் காட்டினேன், அவரே இரண்டு தடவை கூட்டிப் பார்த்துவிட்டு "உங்க டைரிதான் சரி மேடம்" என்றார். நான்கு கட்டம் போட்ட தாளை இணைத்து மனு கொடுத்தேன், நேற்று திருத்தம் எழுதிக் கையொப்பமும் ஆகிவிட்டது. ஆப்பில் மாற இன்னும் இரண்டு மூன்று நாள் ஆகும் என்றார்.

சரண்டர் விண்ணப்பம் டிராயரிலிருந்து போய்விட்டது. பொங்கல் முன்பணத்துக்கும் போட்டுவிட்டேன். கணவரோடு உட்கார்ந்து பார்த்ததில் நகைக்கு 25,000 மட்டும் கட்டுவது, மீதியை ஆபரேஷன் மாதத்துக்கு வைத்துக்கொள்வது என்று முடிவு.

தேர்தல் பிரிவு அக்கா, டாக்டரைக் கேட்டேன். ஜூன் வரை தள்ள வேண்டாம், நடையே நின்றுவிடும் என்றார். ஜனவரி இரண்டாம் வாரத்துக்குக் கொண்டு வந்திருக்கிறோம். கடிதத்தோடு 60 நாள் கேட்டு எழுதிக் கொடுத்திருக்கிறேன், சார் சொன்னபடி. தாசில்தார் படித்துவிட்டு, 45 நாள் தருகிறேன், அதன் பிறகு தேவை என்றால் வந்து சொல்லுங்கள் என்றார். என் சீட்டை எதிர் சீட்டு அண்ணன் பார்த்துக்கொள்கிறார், எழுதியும் கொடுத்துவிட்டார். அம்மாவின் காப்பீட்டு அட்டைக்கு வருமானச் சான்று விண்ணப்பித்தாகிவிட்டது, வங்கியில் சம்பளக் கணக்கு விஷயத்தை இந்தச் சனிக்கிழமை போய்க் கேட்க வேண்டும்.

அம்மாவிடம் 45 நாள் கூடவே இருப்பேன் என்று சொன்னதும், "அத்தனை நாள் லீவு குடுக்கறாங்களா, சம்பளம் பிடிப்பாங்களா" என்று நான்கு தடவை கேட்டார். பிடிக்க மாட்டார்கள், அது என் நாள்தான் அம்மா என்றேன்.

ஓய்வுபெற்ற_கண்காணிப்பாளர்:

மிக்க மகிழ்ச்சி அம்மா. ஆப்பில் 71 மாறியதும் ஒரு ஸ்கிரீன்ஷாட் எடுத்து டைரியிலேயே ஒட்டி வையுங்கள். ஆபரேஷன் முடிந்த பிறகு அம்மா எப்படி இருக்கிறார் என்று இங்கேயே ஒரு வரி எழுதுங்கள்.